காகம் கொத்திய அட்டை

அமுக்கிவிடலாம். அமுக்கினால் வீடு இடிந்து விழாது, மாடியில் தண்ணீர்த் தொட்டி வெடிக்காது, இந்த லேப்டாப்பிலிருந்து புகைகூட வராது. ஆன்லைனில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிற அந்தப் பெண் வர்ஷினி போன வகுப்பிலேயே சொல்லிவிட்டாள், “அங்கிள், யோசிக்காம என்டர் தட்டுங்க, தப்புன்னா அதுவே சொல்லும்” என்று. யோசிக்காமல் தட்டுவதாம். யோசிப்பதற்கு மட்டுமே காலம் பூராவும் சம்பளம் வாங்கினவனிடம் வந்து சொல்கிறாள். வலது கைச் சுண்டுவிரல் அந்தப் பட்டனுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நிற்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. மேசைக்கு எதிர்ப்பக்கம் என் மனைவி ரெஜினா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டுப்பாடத்தை நேற்றே முடித்துவிட்டாள். முடித்துவிட்டதை என்னிடம் சொல்லவில்லை, முடித்த கையோடு லேப்டாப்பை மூடி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாளே, மாவு டப்பாவை மூடித் தட்டுகிற மாதிரி, அதில் தெரிந்துகொண்டேன். பாடம் என்ன பெரிய பாடம். ஒரு எண்ணைக் கேட்க வேண்டும், அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்ல வேண்டும். நாலைந்து வரி. ஒரு சிமென்ட் ஆலை முழுக்கச் சம்பளச் சீட்டு அடித்துக் கொடுத்த அமலதாசன், போனஸ் கணக்கையும் ஓவர்டைமையும் பிடித்தத்தையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துப் போட்ட அமலதாசன், ஏழு ஒற்றைப்படை என்று சொல்வதற்கு வேர்த்து உட்கார்ந்திருக்கிறான். பதினோரு மணிக்கு வகுப்பு. இன்றைக்கு நான்தான் திரையைக் காட்ட வேண்டும், என் முறை. அதற்குள் இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம். இடது கை விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டேன். ஏழு வருகிறது. ரெண்டால் வகுக்கிறேன், மீதி ஒன்று, பூஜ்யம் இல்லை, கீழே இறங்கு, ஒற்றை. சரி. எட்டு வருகிறது. மீதி பூஜ்யம், இரட்டை, சரி. பூஜ்யமே வந்தால்? பூஜ்யத்தை ரெண்டால் வகுத்தால் மீதி பூஜ்யம், இரட்டை, அதுவும் சரிதான், ஆனால் எவனாவது கழித்தல் குறி போட்டு எண் கொடுத்தால்? கொடுப்பான். உலகத்தில் எல்லா வகை ஆளும் உண்டு. மறுபடி முதல் வரிக்கு வந்தேன். “வாய் அசையுது,” என்றாள் ரெஜினா, நிமிராமலே. “ஜெபமாலை சொல்றீங்களோன்னு பார்த்தேன்.”

ஜெபமாலைதான். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினோம். கம்ப்யூட்டர் மெஷின் ஆலையில் கிடையாது, திருச்சி டவுனில் இருந்தது, குளிர் ரூமில், எங்களை உள்ளே விடமாட்டார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, அதை ஓட்டை போட்ட அட்டைகளாக்கி, தகரப் பெட்டியில் அடுக்கி, ஜீப்பில் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் சாயங்காலம் கொடுத்தால் மறுநாள் காலையில் பதில். ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஒரே தடவை. அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஆள் தானே மெஷினாக மாறி, விரலை வரிமேல் வைத்து, உதட்டை அசைத்து, போ, வா, திரும்பு என்று முழுப் புரோகிராமையும் மண்டைக்குள் ஓட்டிவிட வேண்டும். பஸ்ஸில் ஓட்டுவேன், பூசையில் ஓட்டுவேன், சாமியார் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்றால் நான் மட்டும் வேறு ஏதோ வரியில் இருப்பேன். அப்படியும் போய்விடும். கவுன்ட்டரில் இருந்த சிவக்கொழுந்து, அவன் ஆபரேட்டர், மெஷினைத் தொட்டுத் துடைக்கிற உரிமை அவனுக்கு மட்டும், அந்தத் திமிர் அவன் மீசையிலேயே தெரியும், காலையில் பதில் அச்சான தாள் மடிப்பைக் கையால் எடை பார்த்துக்கொண்டே வருவான். மெல்லிசாக இருந்தால் பேசாமல் தள்ளுவான். தடிமனாக இருந்தால் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, “தாஸ் சார், ஒரு முற்றுப்புள்ளியை விட்டுட்டீங்க, நூத்துக்கணக்குல தப்பு பெத்துப் போட்டிருக்கு, தாயும் சேயும் நலம்!” டைப்பிஸ்ட் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தத் தடிமனான தாள் மேசையில் விழுகிற சத்தம் இருக்கிறதே, தொப்பென்று, ஈரத்துணி விழுகிற மாதிரி, அது இந்தச் சுண்டுவிரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. அதற்கு யார் சொல்லி விளங்கவைப்பது, இப்போது சிவக்கொழுந்து இல்லை, வராந்தா இல்லை, பதில் காலைவரை காத்திருக்காது, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று. சொன்னால் இன்னும் பயப்படும். ராத்திரி முழுக்கக் காத்திருப்பது ஒரு வகையில் நல்லது, அவ்வளவு நேரமும் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். கோபால் அப்படி இடம் கொடுத்தது. கோபால் என்றால் ஆளில்லை, நான் புரோகிராம் எழுதின கம்ப்யூட்டர் மொழி, கோபோல் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெண் பார்க்கப் போனபோது எங்க அம்மா பெருமையாக, “பையனுக்குக் கோபால் நல்லாத் தெரியும்” என்றாள், ரெஜினாவின் அம்மா உடனே, “யாரு, ரயில்வேல இருக்காரே அவரா?” என்று கேட்டாள். அதை நான் ஊரெல்லாம் சொன்னேன். சொல்லும்போது அந்த ரயில்வே கோபாலுக்கு ஒரு கையில் ஆறு விரல் கொடுத்தேன், சும்மா.

இந்தப் புது மொழி, பைத்தான், யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் என்னவோ செய்கிறது. கோபாலில் உட்கார்ந்தவுடனே முதலில் நான் யார் என்று எழுத வேண்டும். புரோகிராமின் பெயர், எழுதினவன் பெயர், எழுதின தேதி, எந்த மெஷினில் ஓடப்போகிறது, எல்லாம் எழுதிக் கும்பிடு போட்டபிறகுதான் வேலை. அமலதாசன், அமலதாசன் என்று எத்தனை அட்டையில் ஓட்டை விழுந்திருக்கும். பிறகு உள்ளே வரப்போகிற ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இவர் எண், இவருக்கு இத்தனை இலக்கம், இவர் எழுத்து, இவருக்கு இத்தனை இடம் என்று. கலியாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி. சொல்லாதவன் பந்தியில் உட்கார முடியாது. இதில் அப்படியில்லை, பெயரைச் சொன்னால் போதும், ஆள் வந்து நிற்கிறான், எண்ணாக வந்தவன் பிற்பாடு எழுத்தாக மாறினாலும் ஏனென்று கேட்பாரில்லை. முதல் வகுப்பில் நான் வர்ஷினியிடம், “எழுதினவர் பேரை எங்கேம்மா போடணும்?” என்று கேட்டேன். “அது தேவையில்ல அங்கிள்,” என்றாள். நல்ல பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தேவையில்லை. அன்றைக்கெல்லாம் அந்தச் சொல் பல்லில் மாட்டின நார் மாதிரி நாக்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ரெஜினாவுக்கு இந்த இழவெல்லாம் இல்லை, அவளுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கிற மகள் ஜாஸ்மின், ரெண்டு பேருக்கும் மூளை துருப்பிடிக்கக் கூடாது என்று இந்த வகுப்பில் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்கு இது தூசு என்றும் அம்மாவுக்குத்தான் கஷ்டம், கூட இருந்து சொல்லிக்கொடுங்க என்றும் எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொன்னாள். நானும் சொல்லிக்கொடுக்கிற தோரணையில்தான் உட்கார்ந்தேன். ரெஜினா தட்டுகிறாள், சிவப்பில் தப்பு வருகிறது, ‘அச்சச்சோ’ என்கிறாள், மாற்றித் தட்டுகிறாள், மறுபடி சிவப்பு, ‘சரி சரி கோச்சுக்காத’ என்று அதனிடமே சொல்கிறாள், மூன்றாவது தட்டலில் ஓடிவிடுகிறது. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், ட்ரங்க் கால் பிரிவு. காதில் மாட்டிக்கொண்டு, கயிறு கயிறாக ஒயரை இழுத்து ஓட்டையில் சொருகி, ஊருக்கு ஊர் ஆளைச் சேர்த்துவைத்தவள். “தப்பான லைன் போனா என்ன செய்வீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “சாரின்னுட்டு உருவி வேற ஓட்டையில சொருகுவோம். அதுக்கு உக்காந்து அழுவாங்களா?” என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு. அவள் ஓட்டை வேறு, என் ஓட்டை வேறு.

ஓட்டை என்றதும் அது வந்துவிட்டது. வராமல் இருக்காது, நான் என்ன நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து முட்டுகிறது, காகம். என் காகத்தைத் தெரியாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. ஐப்பசி மழை, கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டு வெள்ளம், பாலத்தின் மேல் ஜீப் குலுங்கினதில் தகரப் பெட்டி தெறித்து ஆற்றில் விழுந்து, அட்டையெல்லாம் தாமரை இலை மாதிரி மிதந்து போக, நான் பேன்ட் சட்டையோடு குதித்து, சுழலுக்குள் நீந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, ஓட்டையைப் பார்த்தே வரி எது என்று படித்து வரிசைப்படுத்தி, ஆலை கெஸ்ட் ஹவுஸ் மொட்டை மாடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். அப்போது ஒரு காகம் வந்து, அது வெறும் காகமில்லை, ஆலைச் சிமென்ட் படிந்து சாம்பல் நிறமாய்ப் போன காகம், ஒரு அட்டையில் கொத்தி ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டுவிட்டது. மாற்ற நேரமில்லை. அப்படியே அடுக்கிக் கொடுத்தேன். ஒரு தப்பு வரவில்லை! சிவக்கொழுந்து மீசையை எடுத்துவிட்டான்! அப்படி ஒரு கெட்டியான புரோகிராம், காகம் கொத்தினாலும் அசையாது. இதுதான் கதை. மழை நிஜம். ஜீப் நிஜம். பெட்டியின் மூலை கொஞ்சம் நனைந்தது நிஜம். கொள்ளிடத்தில் நான் குதித்தேனா என்றால், பெட்டி விழுந்திருந்தால் குதித்திருப்பேன், அதில் சந்தேகமில்லை. காகம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. மெட்ராஸ் ஹெட் ஆபீசிலிருந்து ராகவாச்சாரி ட்ரங்க் கால் போட்டு, “என்னய்யா ஆச்சு, சம்பள ரிப்போர்ட் ஏன் வரலை?” என்று காய்ந்தபோது, என் வாயிலிருந்து அதுவாகப் பறந்து வந்தது. “காகமா? என்னய்யா காகம்?” என்றார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். ட்ரங்க் காலில் மூணு நிமிஷம் ஆனால் நடுவில் ஒரு பெண் குரல் வரும், த்ரீ மினிட்ஸ் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா, என்று. தினமும் வரும், கத்தரிக்கோல் மாதிரி. அன்றைக்கு வரவேயில்லை. லைன் காலியாக இருந்ததோ, மறந்துவிட்டாளோ, என் அதிர்ஷ்டம், கதையை முழுக்க முடித்தேன், ராகவாச்சாரி கடைசியில் சிரித்துவிட்டார். பிறகு எனக்குப் பெண் பார்த்த இடத்தில், காபி டம்ளரை நீட்டிக்கொண்டு, “நீங்கதானே காகத்துக்காரர்?” என்று அந்தக் குரல் கேட்டது. அதே குரல். அன்றையிலிருந்து இன்றுவரை அந்தக் கதையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள். பொய் சொல்கிறவர்கள் லைனில் ஒரு மூச்சுக் கூடுதலாக எடுப்பார்கள், சத்தம் கேட்டாலே தெரிந்துவிடும் என்று அவள் பெருமையடிப்பாள். பெரிய பெரிய ஆளையெல்லாம் அப்படிப் பிடித்திருக்கிறாள். என்னிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

இதுவரை பலிக்கவில்லை. போன மாசம் ஒரு வகுப்பில் வர்ஷினி, “கம்ப்யூட்டர் நாம எழுதினதை அப்படியே எடுத்துக்கும், ஒரு கமா விட்டாக்கூட நகராது” என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு எதற்கோ போய்விட்டாள், அவளுக்கென்ன. ரெஜினா கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். “ஏங்க, ஒரு கமா போனாலே நகராதாமே.” “ஆமா.” “அப்ப அந்தக் காகம்?” “அது வேற மெஷின்,” என்றேன். “ம்,” என்றாள். எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்காதபோது சொல்லுவார்களே, அந்த ‘ம்’. அன்றைக்கு மத்தியானம் அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், சாப்பிட்டு முடித்து, தரையில் தலையணையைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, “ஏதாவது சொல்லுங்க” என்பாள். நான் சொல்லுவேன். காகம், இல்லாவிட்டால் மெஷின் ரூமுக்குள் பிரசவித்த பூனை, இல்லாவிட்டால் ராகவாச்சாரியின் பல் செட் பிரின்ட்டருக்குள் விழுந்து சம்பளச் சீட்டையெல்லாம் கடித்து வைத்தது. பாதியில் தூங்கிவிடுவாள், தூங்கினால் என்ன, கேட்கச் சொன்னாள் இல்லையா. அன்றையிலிருந்து கேட்பதில்லை. சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தச் சிவப்போடும் பச்சையோடும் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்கிறேன். அது பாட்டுக்குச் சுற்றுகிறது. நானாக ஆரம்பிக்கலாம், பூனையை ஆரம்பிக்கலாம், வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்கிறேன். ஏனென்றால் பூனைக்கும் ஒரு கேள்வி இருக்கும், பல் செட்டுக்கும் ஒரு கேள்வி இருக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் அவளுக்கு ஒரு விளக்கு கூடுதலாக எரிகிறது, அந்த மெஷின் ரூமில் நான் இருட்டில் வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியப்போகிறது. தெரிந்தபிறகு நாங்கள் ரெண்டு பேரும் என்ன பேசுவது? கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா, சர்க்கரை மாத்திரை போட்டாயா, பக்கத்து ஃப்ளாட்டில் ஏன் பூட்டியிருக்கிறது. இதெல்லாம் பேச்சா. எனக்கு வேறு எதுவும் தெரியாதே. ஒரு புருஷனாக நான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது அது ஒன்றுதான். இன்றைக்குப் பதினோரு மணிக்கு இந்த நாலைந்து வரியும் தப்பாகிவிட்டால், அவள் எதிரிலேயே சிவப்பாக வந்து நின்றால், மீதியும் போச்சு. ஒற்றையா இரட்டையா என்று சொல்லத் தெரியாதவன் வெள்ளத்தில் அட்டை பொறுக்கினான் என்றால் யார் நம்புவார்கள். தப்பு வரக் கூடாது. ஒன்றுகூட வரக் கூடாது. ஏழு வருகிறது, ரெண்டால் வகுக்கிறேன், மீதி ஒன்று.

கீழே தெருவில் குட்டி யானை வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் தக்காளி, தக்காளி என்று போகிறது. அந்தக் குரலுக்கு மூச்சே கிடையாது, பதிவு செய்து போட்டது. “ஏங்க,” என்றாள் ரெஜினா, “தக்காளி வாங்கணும். ஒரு சீட்டு எழுதி வச்சீங்களே, எங்க அது?” பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். எடுத்துப் படித்தாள். “எப்பப் பாரு ஓரத்தை விட்டுட்டு உள்ள தள்ளி உள்ள தள்ளி எழுதறது. யாருக்கு இடம் போட்டு வைக்கிறீங்க, பஸ்ல துண்டு போட்ட மாதிரி?” ஜாஸ்மினும் கேட்டிருக்கிறாள், அப்பா மெசேஜ் எல்லாம் ஏன் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது என்று. கை அப்படி, என்றேன். கையைப் பற்றி எனக்கென்ன தெரியும், அது என்னைக் கேட்டா செய்கிறது. தக்காளி வண்டி முனை திரும்பிவிட்டது, அவள் போகவில்லை, சீட்டை மேசையில் வைத்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்கு வந்தாள். கண்ணில் நீர் வழிகிறது, வெங்காய நீர்தான், தோளில் துடைத்துக்கொள்கிறாள். “தட்டிட்டீங்களா?” “பார்த்துட்டிருக்கேன்.” “காலையில இருந்து பார்த்துட்டே இருக்கீங்க. பொண்ணா பார்க்குறீங்க?” “ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டா...” “மனசுல ஓட்டுறதுக்கு எதுக்குங்க கரண்டு செலவு? தட்டுங்க.” “தப்பு வந்தா?” இதை நான் கேட்கவில்லை. கேட்க நினைத்ததே இல்லை. அது எப்படியோ வெளியே வந்துவிட்டது, அதுவும் அவ்வளவு சின்னக் குரலில், என் குரல் மாதிரியே இல்லை. அவள் கத்தியை வைத்தாள். அந்தச் சத்தம்தான் என்னைத் தள்ளிவிட்டது, விரல் விழுந்துவிட்டது, நான் அமுக்கவில்லை, சத்தியமாக, அதுவாக விழுந்தது.

சிவப்பு. கண்ணை மூடக்கூட நேரமில்லை, அதற்குள். முதல் வரி. முதல் வரியிலேயே! எண்ணைக் கேட்கிற வரி, அதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது, குழந்தைகூடச் செய்யாது. விரலை வைத்துப் படித்தேன். எழுத்து எல்லாம் இருக்கிறது. அடைப்புக்குறி திறந்தது மூடியிருக்கிறது. திறந்ததையும் மூடினதையும் எண்ணினேன், மறுபடி எண்ணினேன். அது ஒரு சின்னக் கூர் போட்டு இடத்தைக் காட்டுகிறது, காட்டுகிற இடத்தில் என்ன தப்பு என்று தெரியவில்லை, எழுதினதில் எங்கும் தப்பில்லை, தப்பில்லாத ஒன்றைத் தப்பு என்று இது சொல்கிறது. சிவக்கொழுந்தாக இருந்தால் சண்டை போடலாம். இதனிடம் எப்படிப் போடுவது. ஒருவேளை எனக்குத்தான் தெரியாமல் ஏதோ ஆகிவிட்டதோ, கண் பார்ப்பதை மூளை எடுத்துக்கொள்ளவில்லையோ, எங்க அண்ணனுக்குக் கடைசியில் அப்படித்தான், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சட்டை எங்கே என்று கேட்பார், எல்லோரும் முதலில் சிரித்தோம். மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தேன். மறுபடி. ரெஜினா நாற்காலியை நகர்த்திவிட்டு என் பக்கம் வந்து நின்றது தெரிந்தது, வெங்காய வாசனை, அவள் கை என் தோளுக்கு மேலாக நீண்டு திரையைத் தொட்டது, எழுத்தை இல்லை, எழுத்துக்கு முன்னால், ஒன்றுமே எழுதாத வெறும் இடத்தை. “இது என்ன?” “எது?” “இந்த இடம். எல்லா வரிக்கும் முன்னால இவ்வளவு இடம் விட்டிருக்கீங்களே. அதைத்தான் தப்புங்குது.” பார்த்தேன். ஆமாம், விட்டிருக்கிறேன். எல்லா வரியும் எட்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கட்டைவிரல் தட்டியிருக்கிறது, எனக்குச் சொல்லாமல், காலம் பூராவும் தட்டின மாதிரி ஏழு தடவை. எழுதின இடத்தையெல்லாம் விடியக்காலையிலிருந்து காவல் காத்தேனே, எழுதாத இடத்தை யார் பார்த்தது. “அது...” என்று ஆரம்பித்தேன், “அது அட்டை நம்பர் போடுற இடம். முதல் ஆறு கட்டம். அட்டை கீழ விழுந்து கலைஞ்சு போச்சுன்னா அதை வச்சு அடுக்கிக்கலாம். ஏழாவது, குறிப்பு எழுதினா ஒரு நட்சத்திரம் போட. அதுக்கப்புறம்தான் நம்ம வேலை ஆரம்பம். நம்பர் போடாட்டியும் அந்த இடத்தை விட்டுடணும்.” “மெஷின் அதைப் படிக்காதா?” “அந்த ஆறு கட்டத்தையா? திரும்பிக்கூடப் பார்க்காது.” “அங்க என்ன ஓட்டை இருந்தாலும்?” “என்ன இருந்தாலும்,” என்றேன், எனக்கு அலுப்பாக இருந்தது, எதற்குக் கேட்கிறாள், எல்லாம் முடிந்துபோனபிறகு. மின்விசிறி சுற்றியது. பிறகு, “அப்ப காகம் அங்கதான் கொத்தியிருக்கும்,” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் முகத்தில் எதுவும் வைத்துக்கொள்ளமாட்டார்கள், எல்லாம் குரலில்தான், குரலிலும் ஒன்றும் இல்லை, கணக்கு வாத்தியார் விடையைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். “அதான் மெஷின் ஒண்ணும் சொல்லல. நானும் ஒரு மாசமா யோசிச்சுட்டே இருந்தேன், எப்படிடா ஓடியிருக்கும்னு. இப்பத்தான் விளங்குச்சு.” ஒரு மாசமாக. மத்தியானமெல்லாம் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாளா, என் காகத்துக்கு ஒரு கிளை? நம்பித்தான் தேடினாளா, நம்பாமல் தேடினாளா? நம்பாதவள் எதற்குத் தேடுவாள்? அவள் காதில் மாட்டிக்கொண்டு லைனில் உட்கார்ந்திருந்த அந்த நாளில், நான் ராகவாச்சாரியிடம் காகத்தைப் பறக்கவிட்டபோது, எத்தனை மூச்சு கூடுதலாக எடுத்தேன்? மூணு நிமிஷம் தாண்டி, ஆறு தாண்டி, ஏன் அந்தக் கத்தரிக்கோல் வரவில்லை? லைன் காலியாக இருந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேனே, ஐப்பசி மழையில், சம்பள வாரத்தில், எந்த லைன் காலியாக இருக்கும்? கேட்டுவிடலாம். ரெஜினா, உனக்கு அப்பவே தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி, நாலு வார்த்தை. வாய்க்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நிற்கிறது. இறங்கமாட்டேன் என்கிறது. “மணி ஆகப்போகுது,” என்றாள், “அந்த இடத்தை அழிச்சுட்டுத் தட்டுங்க.” முதல் வரிக்கு முன்னால் போய், ஒவ்வொரு கட்டமாகப் பின்னுக்கு அழித்தேன், அட்டை நம்பர் போடுகிற இடம், நட்சத்திரம் போடுகிற இடம், எல்லாம் போயிற்று, எழுத்து ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டது, பார்க்கவே என்னவோ மாதிரி, சுவரோடு சுவராக நிற்கவைத்த பையன் மாதிரி. விரல் நின்றது. விரலைப் பார்த்தேன். தட்டினேன். சிவப்பு. ரெண்டாவது வரி. அதே தப்பு, அதே வெற்றிடம், அதற்குக் கீழே இன்னும் வரிகள், ஒவ்வொன்றும் தன் தன் துண்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. லேப்டாப்பில் வகுப்புக்கான மணி அடிக்க ஆரம்பித்தது, வர்ஷினியின் பெயர் மின்னுகிறது. எனக்குக் கை ஓடவில்லை. காதுக்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாக நான் கேட்காத, ஆனால் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிகிற அந்தக் குரல், ஒரு துளிச் சிரிப்புக் கலக்காமல் சொன்னது, “த்ரீ மினிட்ஸ் ஆச்சு சார். எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?”

“பண்ணுங்க மேடம்,” என்றேன். “இன்னும் பாக்கி இருக்கு.”